இளநீரில் ஊற்றிய உறை

புயல் சாய்த்த தென்னைகளில் காய்கள் இன்னும் உயிரோடு இருந்தன. மரம் வேரோடு பெயர்ந்து தலை தண்ணீரில் கிடந்தாலும், இளங்காய்க்குள் இருக்கும் நீர் எளிதில் கெடாது. மட்டை, ஓடு, வழுக்கை என்று அதற்கு மூன்று மதில்கள். கொற்றித்திடலைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளம் நின்ற அந்தக் கார்த்திகையில், ஊரில் சுத்தமான தண்ணீர் என்று மிச்சம் இருந்தது அந்தக் காய்களுக்குள் மட்டும்தான்.

வெள்ளம் நோயாக மாறும் விதம் மிக எளிமையானது. குடிநீர்க் குழாயில் எப்போதும் எங்காவது ஒரு விரிசல் இருக்கும். மோட்டார் ஓடும்வரை குழாய்க்குள் அழுத்தம் இருக்கிறது. தண்ணீர் விரிசல் வழியே வெளியே கசியுமே தவிர, வெளியே இருப்பது உள்ளே வராது. மின்சாரம் போய் மோட்டார் நின்றதும் அழுத்தம் விழுகிறது. அதே விரிசல் இப்போது வாய் போலத் திறந்து, வெளியே நிற்பதை உறிஞ்சுகிறது. வெளியே நிற்பது, கக்கூஸ் குழிகளை நிரப்பி வழிந்த வெள்ளம். பிறகு ஒரு நாள் மின்சாரம் திரும்புகிறது. மோட்டார் உறுமுகிறது. ஊரே சந்தோஷமாகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடுகிறது.

கொற்றித்திடலில் அப்படித்தான் நடந்தது. மின்சாரம் வந்தது, பின்னாலேயே வாந்திபேதி வந்தது.

டாக்டர் ஹபீபாவின் ஆரம்ப சுகாதார நிலையம் முழுகிப் போயிருந்தது. பள்ளிக்கூடத்து மாடியில் வகுப்பறைகளை வார்டுகளாக்கி வைத்திருந்தாள். நோய் காலரா என்று கண்டுபிடிக்க அவளுக்கு நேரம் ஆகவில்லை. அது எந்த மாத்திரைக்கும் மசியாத காலரா என்பதும் உடனே தெரிந்துவிட்டது. பல வருடங்களாகவே மாத்திரைகள் ஒவ்வொன்றாகத் தோற்றுக்கொண்டு வந்திருந்தன. கடைசி மாத்திரையும் போன மழைக்காலத்தில் தோற்றது. உப்புச் சர்க்கரைக் கரைசலை வாய் வழியே ஊற்றிக்கொண்டே இருந்தால் உயிரைப் பிடித்து வைக்கலாம். ஆனால் கரைசல் கிருமியைக் கொல்லாது. ஒருவர் எழுந்து உட்காருவதற்குள் இன்னும் சிலர் படுத்துவிடுவார்கள். கரைசல் கலக்கும் கைகளும் சோர்ந்துவிடும், கலக்கச் சுத்தமான தண்ணீரும் தீர்ந்துவிடும்.

கம்பெனி ஒரு பெட்டியை அனுப்பியிருந்தது. சோறு வடிக்கும் மின்பானை அளவுதான் இருக்கும், வெள்ளை நிறம். அதோடு ரகோத்தமன் என்ற கள அதிகாரியும் படகில் வந்து சேர்ந்தார். பெட்டி பேஜ் மருந்து செய்தது. பாட்டில் பாட்டிலாகக் கொஞ்ச நாள் செய்தது, பிறகு நின்றுவிட்டது. பழுதாகி நிற்கவில்லை. அனுமதி நின்றதால் நின்றது. நாகலிங்கம் வாத்தியார் தன் பாட்டிலுக்காகக் காத்துக்கொண்டே, தான் பாடம் நடத்திய அறையிலேயே இறந்தார்.

"சார், அந்தப் பொட்டியில இன்னும் இருக்கா இல்லையா?" என்று கேட்டாள் செங்கமலம்.

செங்கமலம் மீன் ஏலம் கூவுகிறவள். அவள் மெதுவாகப் பேசினாலே அடுத்த வகுப்பறைக்குக் கேட்கும். அவள் மருமகள் முத்தரசி அன்று காலையில்தான் படுத்திருந்தாள். கண்கள் உள்ளே போய், விரல் நுனிகள் துவைத்த துணிபோல் சுருங்கியிருந்தன. கைக்குழந்தை பக்கத்து அறையில் அழுதுகொண்டிருந்தது.

"மெஷின் நல்லாத்தாம்மா இருக்கு. சர்வர் அனுமதி குடுக்கணும்."

"அவரு நம்பரக் குடுங்க, நான் பேசுறேன். என் மருமவ பச்சப் புள்ளக்காரின்னு சொல்றேன்."

ரகோத்தமன் தலையைக் குனிந்துகொண்டார். "அது ஆள் இல்லம்மா. அதுவும் ஒரு மெஷின்தான். உங்க பகுதிக்கு ஒதுக்கினது முடிஞ்சுபோச்சுன்னு சொல்லுது. ஒரு டோஸ் டவுன்ல போட்டா நிறையப் பேருக்குப் பரவாமத் தடுக்கும். இங்க ஜனம் கம்மி. அது அப்படிக் கணக்குப் போடுது."

"மெஷினுக்கா சார் இம்புட்டு மரியாத குடுக்குறீங்க?"

ஹபீபா முத்தரசியின் வாயில் கரைசலை ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த பேஜுன்னா என்னதான் டாக்டரம்மா? சாரு சொன்னாரு, ஒண்ணும் வெளங்கல."

யாராவது இப்படிக் கேட்டால் ஹபீபாவால் சும்மா இருக்க முடியாது. எவ்வளவு களைப்பிலும் அவள் முகம் மலர்ந்துவிடும்.

"கிருமியத் திங்கவும் ஒரு கிருமி இருக்குக்கா. நமக்குக் காலரா எப்படியோ, காலராவுக்கு பேஜ் அப்படி. காலராக் கிருமி மேல போய் உக்காரும். ஊசி போடற மாதிரி தன் சரக்க உள்ள எறக்கும். அவ்வளவுதான், கிருமிக்குத் தன் வேல மறந்துபோயிரும். பேஜுக் குஞ்சுகளச் செய்ய ஆரம்பிச்சிரும். வயிறு நெறஞ்சதும் வெடிக்கும். கூட்டமா குஞ்சுங்க வெளிய வந்து அடுத்த கிருமிங்களத் தேடிப் போவும். நம்ம ஒடம்பத் தொடாது. அதுக்கு இந்தக் கிருமியத் தவிர வேற எதுவும் தொண்டையில எறங்காது."

செங்கமலம் யோசித்தாள். "அப்ப ஒரு சொட்டு போதுமே. அதுவே பெருகிக்குமே."

"பெருகும். கம்பெனி பேஜ் பெருகாது. ஒரு கிருமியக் கொல்லும், அதோட அதுவும் செத்துரும். மலடாக்கி வச்சிருக்காங்க. அதனாலதான் பாட்டில் பாட்டிலா வேணும்."

"கடையில விக்கிற வெதநெல்லு மாதிரி. ஒரு போகந்தான்."

"அதே மாதிரி."

"மேடம்," என்றார் ரகோத்தமன். அவர் குரலில் கோபம் இல்லை. நியாயம் சொல்லும் அவசரம் இருந்தது. "வியாபாரத்துக்காக மட்டும் மலடாக்கல. உங்களுக்கே தெரியும். எல்லா பேஜும் கிருமியக் கிழிச்சுட்டு வெளிய வராது. சிலது உள்ளயே குடியிருக்கும். அப்படிக் குடியிருக்கறது ஒரு கிருமியோட விஷத்தத் தூக்கிட்டுப் போய் இன்னொரு கிருமிக்குக் குடுத்துரும். காலராவுக்கு விஷப்பல் வந்ததே அப்படி ஒரு பேஜாலதான். பெருகற பேஜத் தெறந்து விட்டா, என்னைக்காவது ஒருநாள் ஒரு சாதுக் கிருமிக்குப் பல்லு மொளைக்கும்."

"நீங்க சொல்றது சரிதான்," என்றாள் ஹபீபா. "கிழிக்கிறது எது, குடியிருக்கிறது எதுன்னு பாக்கவும் வழி இருக்குல்ல? கிருமி வளந்தா தண்ணி கலங்கும். கிழிக்கிற பேஜ் போட்டா அந்தக் கலங்கல் கண்ணாடியாத் தெளியும். குடியிருக்கிற பேஜ் போட்டா பாதிக் கிருமி பொழச்சிக்கும். தண்ணி மங்கலாவே நிக்கும். தெளியாததக் கொட்டிரணும். அதுக்கு லேப் வேணாம் சார். கண்ணு போதும்."

அவள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டாள் என்பது ரகோத்தமனுக்குப் புரிந்துவிட்டது.

முடிவு இதுதான். பெருகும் பேஜை வேறெங்கும் தேட வேண்டியதில்லை. கிருமி எங்கே கூட்டமாக இருக்கிறதோ, அதைத் தின்னும் பேஜும் அங்கேதான் இருக்கும். மருந்தே இல்லாமல் விரைவாக எழுந்து உட்கார்ந்த நோயாளியின் வயிற்றில் ஒரு நல்ல பேஜ் வேலை செய்திருக்கலாம். முகாமில் அப்படி எழுந்தவர் ஒருவர்தான்: செங்கமலத்தின் கணவர் வேம்பையன்.

"அவரு வெளிக்கிப் போனதுலேருந்தா மருந்து எடுக்கப் போறீங்க?" செங்கமலத்தின் குரல் மாடி முழுக்கக் கேட்டது. "ஐயையோ டாக்டரம்மா! அந்த மனுசன் ஊருக்கு ஒரு நல்லது செஞ்சதில்ல. கடைசியில இப்படியா செய்யணும்?"

வார்டு முழுக்கச் சிரித்தது. முத்தரசியின் உதடுகூட அசைந்தது. வேம்பையன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பேஜை வளர்க்க அதற்குத் தீனி வேண்டும். தீனி காலராக் கிருமி. நிஜமான காலராவை வளர்த்து மனிதர்களுக்குக் கொடுக்க முடியாது. கம்பெனிப் பெட்டிக்குள் ஒரு குப்பி இருந்தது. அதில் இருந்தது பல் பிடுங்கிய காலரா. விஷத்தை நீக்கிய கிருமி, ஒரு காலத்தில் அரசாங்கமே தடுப்பு மருந்தாகக் கொடுத்தது. அது யாருடைய சொத்தும் அல்ல. ஆனால் குப்பியின் மேல் இருந்த சீல் கம்பெனியுடையது.

"ஒடைச்சா சர்வருக்குத் தெரிஞ்சிரும்," என்றார் ரகோத்தமன். "உங்க பேர்லதான் பெட்டி இருக்கு. நானும் ரிப்போர்ட் பண்ணித்தான் ஆகணும்."

"பண்ணுங்க. எனக்கு என்ன ஆனாலும் நிலாவப் பாத்துக்க ஆளு இருக்கு. இவ புள்ளைக்கு யாரு இருக்கா?"

ஹபீபா அப்படிச் சொன்னது தன் மகளை நினைத்து. சொந்த ஊரில் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்த மகளின் பெயர் நிலா. ரகோத்தமனுக்கு அது முழுதாகப் புரிந்திருக்காது. அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். சீல் உடையும் சத்தம் அவருக்கு முதுகுக்குப் பின்னால் கேட்டது.

வேலை இளநீரில் நடந்தது. காலராக் கிருமிக்குப் புளிப்பு ஆகாது. இளநீரில் லேசான புளிப்பு உண்டு. அதனால் காயின் கண்ணைத் திறந்து ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட வேண்டும். அந்த சோடாவே பிறகு வயிற்றின் அமிலத்திலிருந்து பேஜைக் காப்பாற்றவும் செய்யும். பல் பிடுங்கிய கிருமியை விட்டதும் இளநீர் மெல்ல மெல்ல அரிசி கழுவிய தண்ணீர்போல் கலங்கியது. அடுத்து, வேம்பையனிடமிருந்து வந்ததைக் கரைத்து மிக நுண்ணிய வடிகட்டியில் இட்டாள். கிருமிகள் பெரியவை, மேலே தங்கிவிடும். பேஜுகள் அவற்றைவிடப் பல மடங்கு சின்னவை, வழிந்து கீழே வரும். வந்ததில் ஒரு கரண்டியைக் கலங்கல் காயில் ஊற்றினாள்.

கலங்கல் தெளிந்தது. சும்மா தெளியவில்லை, மேகம் கலைவதுபோலத் தெளிந்தது. ஹபீபா அதைத் தேநீர்க் கடைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, பின்னால் ஒரு பழைய செய்தித்தாளைப் பிடித்துப் பார்த்தாள். பொடி எழுத்துகள்கூடத் தெரிந்தன. முதல் மிடறைத் தானே குடித்தாள்.

பிறகு முத்தரசியின் அருகில் உட்கார்ந்தாள். "இது சட்டத்துக்குள்ள வர மருந்து இல்லம்மா. இதுக்கு முன்னாடி நான் யாருக்கும் குடுத்ததும் இல்ல. வேண்டாம்னா சொல்லு, கரைசல் மட்டும் ஊத்தறேன்."

முத்தரசிக்குப் பேசத் தெம்பில்லை. டம்ளருக்குக் கை நீட்டினாள்.

மறுநாள் கழிச்சல் குறைந்தது. அதற்கு அடுத்த நாள் குழந்தையைக் கேட்டாள்.

அதன்பிறகு ஹபீபா எதையும் தள்ளிவிட வேண்டியிருக்கவில்லை. அது தானாகவே நகர்ந்தது. இந்த வேலை பெண்களுக்குப் புதிதே அல்ல. ஒரு வீட்டுத் தயிரிலிருந்து ஒரு கரண்டி, அடுத்த வீட்டுப் பாலைத் தயிராக்கும். அவர்கள் வாழ்நாள் முழுக்கச் செய்த காரியம். அதனால் பேஜுக்கும் அவர்கள் 'உறை' என்றே பேர் வைத்தார்கள். வீட்டுக்கு இரண்டு காய்கள். ஒன்று கலங்கல் காய், இன்னொன்று தெளிவு காய். கலங்கலில் கொஞ்சம் எடுத்து அடுத்த இளநீருக்கு வைத்துவிட்டு, மீதியில் உறை ஊற்ற வேண்டும். டம்ளரில் ஊற்றி, பின்னால் செய்தித்தாளைப் பிடித்து, எழுத்துத் தெரிந்தால் குடிக்கலாம். தெரியாவிட்டால் பிளீச்சிங் பவுடரில் கொட்டிவிட வேண்டும். வெள்ளம் வடிந்து அவரவர் தெருவுக்குத் திரும்பியபோது காய்களும் கூடவே போயின. பள்ளிவாசல் தெருவில் ராவியா வீட்டுக் காய் ஒருமுறை எவ்வளவு நேரமாகியும் மங்கலாகவே நின்றது. ராவியா அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து ஹபீபாவின் முன்னாலேயே கொட்டினாள். ரகோத்தமன் பயந்தது வீண் பயம் அல்ல என்று ஹபீபா அன்று தனக்குள் ஒப்புக்கொண்டாள். அதற்குள் சாலை திறந்துவிட்டதால் அவர் ஊருக்குப் போயிருந்தார். ரிப்போர்ட் எழுதத்தான்.

இந்த நிலையில்தான் செங்கமலம் தன் வேண்டுதலை நிறைவேற்றினாள்.

மருமகள் பிழைத்தால் மாரியம்மனுக்கு மடிப்பிச்சை எடுத்துக் கூழ் ஊற்றுவதாக அவள் வேண்டியிருந்தாள். மஞ்சள் சேலை கட்டி, முந்தானையை ஏந்தி, வீடு வீடாக அரிசி வாங்கி, எல்லாவற்றையும் ஒரே பானையில் பொங்கி, வந்தவர்களுக்கெல்லாம் கொடுக்க வேண்டும். ஆனால் வெள்ளத்தில் அழுகாத அரிசி எந்த வீட்டில் இருக்கிறது? "இருக்கறதப் போடுங்க தாயி," என்று அவள் கூவினாள். எல்லா வீட்டிலும் இருந்தது ஒன்றுதான். தெளிவு காயிலிருந்து ஆளுக்கு ஒரு கரண்டி ஊற்றினார்கள். பள்ளிவாசல் தெருவும் ஊற்றியது. செங்கமலம் தூக்குவாளி நிறைய வாங்கி, வேப்பங்குச்சியால் கலக்கி, அம்மன் முன்னால் வைத்துவிட்டு, அதே வீடுகளுக்குத் திரும்பப் பிரித்துக் கொடுத்துவிட்டாள். எல்லோரும் அதைக் கொண்டு புது உறை ஊற்றிவிட்டார்கள்.

ஹபீபாவுக்கு விஷயம் தெரிந்தபோது வாளி காலியாகியிருந்தது.

"என்ன காரியம்க்கா பண்ணீங்க! ஒரே ஒரு வீட்டுல மங்கல் இருந்திருந்தாக்கூட இப்ப ஊரு முழுக்கப் போயிருக்கும்!"

செங்கமலத்தின் முகம் செத்துப்போனது. அவள் குரல் தாழ்ந்து ஹபீபா கேட்டது அதுதான் முதல்முறை. "அம்மனுக்கு வேண்டினது டாக்டரம்மா. தப்பாப் போவுமா?"

"எல்லாத்தையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க. எல்லா வீட்டுக் காயும் வேணும்."

பள்ளிக்கூட மதில்மேல் டம்ளர்களை வரிசையாக வைத்தார்கள். டம்ளர் போதாமல் ஜாம் பாட்டில், குவார்ட்டர் பாட்டில் எல்லாம் வந்தன. ("வேம்பையன் அண்ணன் வீட்டுல மட்டும் நாலு இருக்கு," என்றது ஒரு குரல்.) ஹபீபா செய்தித்தாளைப் பின்னால் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக நடந்தாள். முதலில் எதுவும் தெரியவில்லை; இன்னும் நேரம் ஆகவில்லை. காத்திருந்தார்கள். பிறகு கடைசியில் இருந்து ஒன்று தெளிந்தது, நடுவில் ஒன்று, பிறகு வரிசையாக எல்லாமே. முன்பு எடுத்துக்கொண்ட நேரத்தில் பாதிகூட ஆகவில்லை.

ஹபீபா மதிலில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "திட்டினதுக்கு மன்னிச்சிருங்கக்கா. ஒரு வீட்டு பேஜ் நுழையற கதவக் கிருமி அடச்சு வச்சிருக்கும். இப்ப எல்லா வீட்டு பேஜும் ஒண்ணாப் போவுது. எந்தக் கதவன்னு அடைக்கும் அது? ஆனா இன்னொரு தடவ என்னக் கேக்காமப் பண்ணாதீங்க. இன்னைக்கி நமக்கு நல்ல நேரம்."

"அம்மன் இருக்கா," என்றாள் செங்கமலம். குரல் பழைய அளவுக்கு வந்திருந்தது.

ரகோத்தமன் ஒரு பிற்பகலில் திரும்பி வந்தார். கையில் ஒரு உத்தரவும், மரபணு வாசிக்கும் ஒரு சின்னக் கருவியும் இருந்தன. முகாமில் அப்போது படுத்திருந்தவர்கள் ஓரிருவர்தான். அவர் எல்லாத் தெருவிலும் நடந்து, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சொட்டு வாங்கினார். யாரும் மறுக்கவில்லை. மாலையில் பள்ளிக்கூட மாடியில் ஹபீபாவின் எதிரில் வந்து உட்கார்ந்தார். செங்கமலம் கதவுக்கு வெளியே போய் நின்றுகொண்டாள், அதாவது எல்லாம் கேட்கும் தூரத்தில்.

"சட்டத்த சொல்லிடறேன் மேடம். சீல் ஒடைச்சது சின்னக் குத்தம். அதுக்கு உங்கள வேலையிலேருந்து நிறுத்தி வச்சிருக்காங்க, இது அந்த உத்தரவு. பெருகற உயிர உண்டாக்கறது பெரிய குத்தம், ஜெயில். அத இன்னொருத்தருக்குக் குடுக்கறதும் குத்தம். குடிச்சவங்க மேல கேஸ் கிடையாது."

"உண்டாக்கினது யாருன்னு இந்த மெஷின் சொல்லுமா?"

"சொல்லணும். பேஜ் ஒவ்வொரு தடவ பெருகும்போதும் அதுல ஒரு தழும்பு விழும். அடுத்த வீட்டுக்குப் போற பேஜ்ல பழைய தழும்பும் இருக்கும், புதுசா ஒண்ணும் இருக்கும். தழும்புகள வரிசையா வச்சா யார் வீட்டுலேருந்து யார் வீட்டுக்குப் போச்சுன்னு ஒரு மரம் கெடைக்கும். மரத்துக்கு வேர் எதுன்னு பாத்தா போதும்." அவர் கருவியின் திரையைத் திருப்பிக் காட்டினார். "ஆனா இங்க மரம் வரல. பாருங்க. எல்லா வீட்டுத் தழும்பும் எல்லா வீட்டுலயும் இருக்கு. ரெண்டு மூணு பேஜ் ஒரே கிருமிக்குள்ள போய் துண்டுகள மாத்திக்கிட்டிருக்கு. இது மரம் இல்ல மேடம், வலை."

"வலைக்கு வேர் ஏது சார்?" என்றது கதவுக்கு வெளியிலிருந்து ஒரு குரல். "முடிச்சுதான் இருக்கும். எங்களக் கேளுங்க."

ரகோத்தமன் கதவைப் பார்த்தார். சிரிக்காமல் இருக்கச் சிரமப்பட்டார்.

"அதனாலதான் கம்பெனி ஒண்ணு கேக்குது," என்றார். "நீங்கதான் மூலம்னு ஒரு கையெழுத்துப் போடுங்க. பெட்டியில பொறக்கறது கம்பெனிக்குச் சொந்தம்னு ஒப்பந்தம். பெட்டியில பொறந்ததுன்னு நீங்க சொல்லிட்டா, கம்பெனி ரெண்டு குத்தத்தையும் விட்டுரும். உங்க வேலை திரும்பக் கெடைக்கும். கண்டுபிடிச்சது நீங்கன்னு உலகம் பூரா சொல்லுவாங்க. பேஜுக்கு உங்க பேரே வப்பாங்க."

"வச்சிட்டு?"

"மலடாக்கி, பாட்டில்ல அடச்சு விப்பாங்க."

"வீட்டுல இருக்கற காய்?"

"கொட்டிடணும்."

ஹபீபா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "உங்க பேஜ் இருக்கும்போது இது எதுக்கு அவங்களுக்கு?"

ரகோத்தமன் கருவியின் திரையை அணைத்தார். பிறகு பேசியபோது கம்பெனியின் குரல் போய்விட்டிருந்தது. "எங்களுது டவுன்ல வேல செய்யல மேடம். எல்லாருக்கும் ஒரே பேஜ். கிருமி அந்த ஒரு கதவ அடச்சுக்கிச்சு. ஆஸ்பத்திரி வராந்தாவுல படுக்க எடமில்ல. என் வீட்டுலயே..." நிறுத்திக்கொண்டார். "கையெழுத்துப் போட்டா மருந்து சீக்கிரம் வரும். நான் அதுக்காகவும்தான் கேக்கறேன்."

அது ஒன்றுதான் ஹபீபாவைத் தடுமாற வைத்தது. ஜெயிலுக்கு அவள் பயந்திருந்தாலும் வெளியே தெரியவில்லை; ஆனால் டவுன் ஆஸ்பத்திரியின் வராந்தா அவள் கண்ணில் வந்து நின்றது. எழுந்து ஜன்னலுக்குப் போனாள், திரும்பி வந்தாள்.

"மலடாக்கினா திரும்பவும் ஒரே ஒரு பேஜ்தான் சார். அடுத்த மழைக்குள்ள கிருமி இந்தக் கதவையும் அடச்சிரும். இது வேல செய்யறதே இது பெருகறதாலயும் கலக்கறதாலயும்தான். அத நிறுத்தறதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். நான் இதுக்கு மூலம் இல்ல. எனக்குத் தெரிஞ்சு வேம்பையன் அண்ணன் வயிறுதான் மூலம். அவருக்கும் முன்னாடி யாருன்னு அல்லாவுக்குத்தான் தெரியும். அண்ணன் பேரயே வைக்கச் சொல்லுங்க."

"அந்த மனுசன் பேரு வேண்டாம்," என்றது கதவு.

"அப்ப நாளைக்குக் காலையில ஆளுங்க வருவாங்க," என்றார் ரகோத்தமன் மெதுவாக. "எல்லா வீட்டுலயும் பிளீச்சிங் பவுடர் போடுவாங்க. அதுவரைக்கும் யாரும் யாருக்கும் குடுக்கக்கூடாது. பாத்துக்கறதுக்குத்தான் என்னை இருக்கச் சொல்லியிருக்காங்க."

அவர்கள் கீழே இறங்கி வந்தபோது பள்ளிக்கூடப் படித்துறையில் ஒரு படகு நின்றது. கழிமுகத்துக்கு அக்கரையில் இருக்கும் கீழமுனையிலிருந்து சந்தியாகு என்ற மீனவர் வந்திருந்தார். அவர் ஊரில் முந்தின நாள்தான் மின்சாரம் வந்திருந்தது. மோட்டார் ஓடியிருந்தது. ஜனங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தார்கள்.

"எட்டுப் பேரு படுத்துக் கெடக்குறாவ டாக்டரம்மா. கோயில்ல போட்டிருக்கோம். ஒங்க ஊருல என்னமோ உறை ஊத்துறீங்களாமே. ஒரு காய் குடுங்க."

யாரும் அசையவில்லை. தெருவில் வீடுகளில் விளக்கு ஏற்றிவிட்டிருந்தார்கள். விளக்கு வைத்த பிறகு உறை மோர் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் வீட்டு லட்சுமி கூடவே போய்விடுவாள். படித்துறையில் நின்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் அது தெரியும். கொடுத்தால் ஜெயில் என்பதும் இதற்குள் செங்கமலத்தின் தயவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ரகோத்தமன் படியின் ஓரத்தில் நின்றார். ஹபீபா வாயைத் திறந்தாள். செங்கமலம் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"நீங்க சும்மா இருங்க. ஒங்க மேல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு."

அவள் விடுவிடுவென்று வீட்டுக்குப் போனாள். இரண்டு காய்களோடு வந்தாள். சந்தியாகு கையை நீட்டினார். அவள் அவர் கையில் கொடுக்கவில்லை. படியில் வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தாள்.

"நான் குடுக்கல. எங் காயி, எறக்கி வச்சிருக்கேன். எடுக்கறவுக எடுத்துக்கலாம்." பிறகு ரகோத்தமன் பக்கம் திரும்பி, ஏலம் கூவும் குரலில் கேட்டாள். "ஏன் சார், நான் குடுத்தேனா?"

ரகோத்தமன் காய்களைப் பார்த்தார். செங்கமலத்தைப் பார்த்தார்.

"இல்ல," என்றார்.

முத்தரசி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து தன் காய்களை வைத்தாள். ராவியா தலை முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வைத்தாள். கையில் ஆளுக்கு இரண்டாக ஒவ்வொரு வீடும் வந்தது. யாரும் கொடுக்கவில்லை. படித்துறை முழுக்கக் காயாக இருந்தது.

சந்தியாகு படகில் ஏற்றிக்கொண்டே கேட்டார். "இத என்ன பண்ணணும்னு யாராச்சும் சொல்லுங்களேன்."

"சொல்றதுக்குச் சட்டம் இருக்கா சார்?" என்று கேட்டாள் ஹபீபா.

"எனக்குத் தெரிஞ்சு இல்ல மேடம்."

ஹபீபா படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். ஆப்ப சோடாவிலிருந்து ஆரம்பித்து, கலங்கல் எது, தெளிவு எது, ஏன் மங்கலைக் கொட்ட வேண்டும், ஏன் கரைசலை ஒருபோதும் நிறுத்தக்கூடாது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். சந்தியாகு ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்ன பிறகுதான் படகை விட்டாள். வேலை போன ஒரு டாக்டர் இவ்வளவு சந்தோஷமாக இருப்பதை ரகோத்தமன் பார்த்ததில்லை.

படகு போன பிறகு பெண்கள் கலைந்தார்கள். படியில் இரண்டு காய்கள் மட்டும் மிச்சம் இருந்தன.

"அது யாருது?" என்று கேட்டார் ரகோத்தமன்.

செங்கமலம் திரும்பிப் பார்க்காமலே நடந்தாள். "யாருதும் இல்ல சார்."

அவர் அங்கேயே நின்றார். தெரு வெறிச்சோடியிருந்தது. கருவி இருந்த பையைத் தோளிலிருந்து கழற்றி, அதற்குள் இருந்த கருவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். இடம் போதுமா என்று பைக்குள் பார்த்தார். பிறகு குனிந்தார்.